நாற்பத்தோராம் நிமிடச் சிரிப்பு

எமிலியான் பெர்த்தியே இறந்து நூற்றுப்பன்னிரண்டு நாட்களும் இருபது மணி நேரமும் கழிந்தபோது, அவர் சிரிப்பதை அவருடைய மனைவி ஒதீல் கேட்டாள். மரணச் சான்றிதழில் உள்ள நேரத்திலிருந்து எண்ணினால் நூற்றுப்பன்னிரண்டு நாட்களும் பதினெட்டு மணி நாற்பத்தேழு நிமிடமும்தான் வரும். ஒதீல் அதிலிருந்து எண்ணவில்லை. அவள் நகராட்சிக் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் இருபத்தொன்பது வருடமாகக் குளோரின் அளவு பார்ப்பவள். எண்களில் தவறு செய்கிறவள் அல்ல. வேறு நேரத்திலிருந்து ஏன் எண்ணினாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இடம், போமினியே ஊரின் ஒரே தியேட்டரான பெலிக்கான். நாள், புதன்கிழமை. பிரான்ஸில் புதுப் படம் புதன்கிழமைதான் வரும். மதியம் இரண்டு மணிக் காட்சி, முதல் பதினோரு நிமிடம் விளம்பரம். அவளையும் சேர்த்து ஐந்து பேர் இருந்தார்கள். மற்ற நால்வரும் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

படத்தின் பெயர் ‘மாமியாருக்கு உரிமம் இல்லை’. பாரிஸ்காரன் ஒருவன் கிராமத்து மாமியார் வீட்டுக்கு வருகிறான். மாமியார் உரிமம் இல்லாமல் மீன் பிடிக்கிறாள். மருமகன் மீன்வளத் துறையில் அதிகாரி. எழுதியவர்கள் மூன்று பேர். வசனத்தைப் பலப்படுத்தியவர்கள் என்று இன்னும் இரண்டு பேர். மருமகன் நான்கு முறை குளத்தில் விழுகிறான். மூன்றாம் முறை மட்டும் குளம் வேறு.

நாற்பத்தோராவது நிமிடத்தில் மாமியார் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். நிமிர்ந்து பார்க்காமல், “தபால் செவ்வாய்க்கிழமைதான் வரும்” என்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

அப்போது ஒதீலின் முதுகுக்குப் பின்னால் எமிலியான் சிரித்தார். ஈர மரத்தில் ரம்பம் சிக்கிக்கொண்டு மீண்டும் இழுபடுவது போன்ற சத்தம். மூக்கு வழியாக வரும் அந்தச் சிரிப்பை ஊரில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பின்சீட்டுக் குழந்தைகள் வரை அதைப் பழித்துக் காட்டும்.

ஒதீல் திரும்பிப் பார்த்தாள். பதினான்கு வரிசைக் காலி நாற்காலிகள். அதற்குப் பின்னால் சுவர். சுவரில் ஒரு ஒலிபெருக்கி.

சத்தம் முப்பத்தெட்டு நொடி நீடித்தது. மழைக்கு ஒதுங்கியவர்களில் ஒருவர் தயங்கிச் சிரித்தார். பிறகு நான்கு பேரும் சிரித்தார்கள்.

வெளியே டிக்கெட் அறையில் தியேட்டர்காரி ரெமோந்த் அவளுக்காகக் காப்பி போட்டு வைத்திருந்தாள். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

“தெரியும்டி. காலையில ஓட்டிப் பார்க்கும்போதே கேட்டுட்டேன். உன்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன், அதுக்குள்ள நீயே குடையை மடக்கிட்டு உள்ள வந்துட்ட.”

“அது எப்படி அங்க வந்துச்சு?”

“அன்னிக்கு ஒரு பொம்பள பொட்டி வச்சு அளந்தாளே, அவதான் பதிவு பண்ணியிருக்கா. ஊர் சத்தத்தையெல்லாம் கழுவிட்டு உன் வீட்டுக்காரர் சத்தத்தை மட்டும் எடுத்திருக்காங்க. துணைச் சிரிப்புன்னு பேராம். படத்தோடயே வருது.”

“அதை நிறுத்து, ரெமோந்த்.”

“எப்படிடி நிறுத்துறது? அந்தச் சத்தம் வர்ற பொட்டிக்கு சீல் வச்சிருக்காங்க. ஒயரைப் பிடுங்கினா பாரிஸ்ல அவங்க ஆபீஸ்ல சிவப்பு விளக்கு எரியுமாம்.” ரெமோந்த் அவள் கையைப் பிடித்தாள். “ஏன்டி நிறுத்தணும்? நல்ல சாவுடி அது. சிரிச்சுட்டே போனாரு. எத்தனை பேருக்குக் கிடைக்கும்? என் புருஷன் வரிக் கடுதாசி படிச்சுட்டே செத்தான்.”

ஊர் முழுவதும் அதைத்தான் சொன்னது. சிரித்துக்கொண்டே போனார் என்று கல்லறையில் சொன்னார்கள், ரொட்டிக் கடையில் சொன்னார்கள். நூற்றுப்பன்னிரண்டு நாட்களும் இருபது மணி நேரமும் ஒதீலும் அதைத்தான் நம்பியிருந்தாள்.

ஒதீல் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “அதை நிறுத்தணும்” என்றாள் மறுபடியும். காரணம் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டாள்.

*

‘அன்னிக்கு’ என்று ரெமோந்த் சொன்னது இதைத்தான்.

நகைச்சுவைப் படங்களுக்கு உதவ தேசிய நகைச்சுவைக் குழுமம் என்று ஒன்று பாரிஸில் இருக்கிறது. அதன் உதவி வேண்டுமானால் சிரிப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வேண்டுமானால், படம் எடுத்த மாவட்டத்தில் சாதாரண மக்களுக்கு முன்கூட்டியே ஒரு முறை போட்டுக் காட்டி, அவர்கள் சிரித்ததை அளந்து காட்ட வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு நூற்று நாற்பது பேர் பெலிக்கானில் உட்கார்ந்திருந்தார்கள். குழுமத்தின் ஆய்வாளர் மதாம் வெர்லாக் மேடையேறிப் பதினோரு நிமிடம் பேசினார்.

“இது உங்க மண்ணுல எடுத்த படம். உங்க குளம். இந்த மாவட்டத்துல இன்னொரு படம் எடுக்கணுமா வேணாமாங்கிறது இன்னிக்கு உங்க கையிலதான் இருக்கு. யாரும் வற்புறுத்தல. ஆனா சிரிப்பு வந்தா தயவுசெஞ்சு அடக்காதீங்க.”

மக்கள் அடக்கவில்லை. வரவும் இல்லை. நாற்பது நிமிடம் எல்லோரும் வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். பெட்டியில் இருந்த முள் அசையவில்லை. ஒதீலின் ஆய்வுக்கூடத்தில் இப்படிப்பட்ட முடிவை ‘கண்டறியும் எல்லைக்குக் கீழே’ என்று எழுதுவார்கள்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் எமிலியானிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது. நூற்று முப்பத்தொன்பது பேரும் ஒரே மூச்சில் விடுதலையானார்கள். முன் நாற்காலியை அடித்துச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மதாம் வெர்லாக்கின் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

அதன் பிறகு எமிலியான் ஒதீலின் தோளில் தலை சாய்த்தார். தூங்குகிறார் என்று அவள் நினைத்தாள். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து வண்டி ஓட்டிய பழக்கம், எங்கே உட்கார்ந்தாலும் கண்ணை மூடிவிடுவார். அவர் விழித்துவிடக் கூடாதென்று படம் முடியும்வரை ஐம்பத்து மூன்று நிமிடம் அவள் தோளை அசைக்கவில்லை. ஆம்புலன்ஸ் எட்டு மணிக்கு வந்தது. எட்டு ஐந்துக்கு இறந்ததாக எழுதினார்கள்.

வெளியே வெள்ளை ஒயினும் சிப்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்து முடித்தார்கள்.

*

ஒதீல் குழுமத்துக்குக் கடிதம் எழுதினாள். நான்கு வரி. அந்த முப்பத்தெட்டு நொடியைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சிரிப்பு என்பது சிரித்தவரின் வாயை விட்டு வெளியேறியதும் பொதுச் சொத்து ஆகிறது. எனினும் சிரித்தவர் விரும்பினால் ‘சிரிப்பை விலக்கிக்கொள்ளும் அறிவிப்பு’ என்ற படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்பி நேரில் வந்து கையெழுத்திடலாம். கையெழுத்திடும்போது அவர் சிரிக்கக் கூடாது.

அவள் மரணச் சான்றிதழை அனுப்பினாள். அதற்கும் பதில் வந்தது. குழுமம் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது. சிரித்தவர் மறைந்தது சிரிப்பின் செல்லுபடியை எவ்விதத்திலும் பாதிக்காது என்பதைத் தெரிவித்துக்கொள்வதில் மகிழ்ச்சியும் அடைகிறது.

ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிஸுக்கு ரயில் ஏறினாள்.

குழுமத்தின் தாழ்வாரத்தில் ‘அமைதி காக்கவும்’ என்று பலகை இருந்தது. எல்லோரும் கம்பளத்தில் கால் வைத்து மெதுவாக நடந்தார்கள். மதாம் வெர்லாக் அவளை அடையாளம் கண்டுகொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

“நீங்கதானா அந்தப் பக்கத்து சீட். வாங்க, வாங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்.”

சுவர் நீளத்துக்கு ஒரு வரைபடம் தொங்கியது. முப்பத்தெட்டு நொடிகள், முப்பத்தெட்டுக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் சிறிய எழுத்தில் குறிப்பு.

“அஞ்சு அமர்வு உட்கார்ந்து ஆராய்ஞ்சோம், மதாம். அந்த வசனத்துல என்ன இருக்குன்னு முதல்ல எங்களுக்குப் பிடிபடல. செவ்வாய்க்கிழமைன்னா ஏன் சிரிப்பு வருது? வியாழக்கிழமைன்னு மாத்திப் பேச வச்சுப் பார்த்தோம். வரல. இப்ப ஒரு பேராசிரியர் முந்நூறு பக்கம் எழுதியிருக்கார், செவ்வாய்க்கிழமையைப் பத்தி.” வெர்லாக் ஒரு கட்டத்தில் விரல் வைத்தார். “இந்த இடம்தான் எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். முப்பத்தோராவது நொடி. சிரிப்புக்கு நடுவுல சின்னதா ஒரு சத்தம். மனநிறைவு முனகல்னு பேர் வச்சிருக்கோம். தியேட்டர் ஒலிபெருக்கியில தெளிவா கேட்காது. இதுல கேளுங்க.”

ஒதீலின் தலையில் ஹெட்போனை மாட்டினார்.

முப்பத்தெட்டு நொடி ஒதீல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, மேஜையில் வைத்தாள். உட்கார நாற்காலி இருக்கிறதா என்று கேட்டாள்.

“பார்த்தீங்களா” என்றார் வெர்லாக் நெகிழ்ந்துபோய். “எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுது.”

தலைவர் முசியே லார்மினா அவளைத் தன் அறையிலேயே சந்தித்தார். மெலிந்தவர். கோட்டுப் பொத்தான்களை எல்லாம் மாட்டியிருந்தார்.

“மதாம், நான் பத்தொன்பது வருஷமா இந்த நாட்டோட நகைச்சுவையைக் காப்பாத்திட்டு வர்றேன். ஒரு தடவை கூட சிரிச்சதில்ல. சிரிச்சா பாரபட்சம் ஆயிரும்.”

“எனக்கு அந்த முப்பத்தெட்டு நொடியை எடுத்துடணும், முசியே.”

“படம் உங்களுக்குப் பிடிக்கலையா?”

“நல்லா இல்லை” என்றாள் ஒதீல். அந்தக் கட்டடத்தில் அப்படி யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. வெர்லாக் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

லார்மினா கோபப்படவில்லை. “நல்லா இருக்கா இல்லையான்னு பார்க்கிறது எங்க வேலை இல்லீங்க. நல்லா இருக்கிற படத்துக்கு நாங்க எதுக்கு? அது பாட்டுக்கு ஓடும். சிரிப்பு வராத படத்துக்குத்தான் எங்க கை தேவை. அப்படிப்பட்ட படங்க வர்றது நின்னு போச்சுன்னு வைங்க, இங்க வேலை பார்க்கிற அறுபத்தி நாலு பேர் எங்க போவாங்க? அதனாலதான் எழுத்தாளர்களை நாங்க ரொம்ப அவசரப்படுத்துறதில்ல, ரொம்ப யோசிக்கவும் விடுறதில்ல.” கைகளைக் கோத்துக்கொண்டார். “பத்தொன்பது வருஷத்துல நிஜமான சிரிப்பு ஒண்ணே ஒண்ணுதான் எங்களுக்குக் கிடைச்சிருக்கு. அது உங்க வீட்டுக்காரரோடது. அதைப் போய் எடுக்கச் சொல்றீங்களே. எதுக்குன்னு சொல்லுங்க?”

ஒதீல் வாயைத் திறந்தாள். இரண்டு பேரும் கனிவோடு காத்திருந்தார்கள். அந்தக் கனிவில் சொல்ல வந்தது கரைந்தது.

“அது அவர் குரல்” என்றாள். “அதான்.”

“அட, இவ்வளவுதானா. உங்களுக்கு ஒரு பிரதி வேணும்!”

நீல வெல்வெட் பெட்டியில் வைத்து ஒரு பிரதி கொடுத்தார்கள். மூடியைத் திறந்தால் தானாகவே சிரிக்கும்படி செய்திருந்தார்கள்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் ஓர் இளைஞன் கையில் கோப்போடு உட்கார்ந்திருந்தான். பெட்டியைப் பார்த்ததும் எழுந்தான்.

“நீங்க... மதாம் பெர்த்தியே? நான் கொரான்தேன். அந்தப் படத்தை எழுதின மூணு பேர்ல ஒருத்தன்.” குரலைத் தாழ்த்தினான். “செவ்வாய்க்கிழமை வசனம் என்னுது. உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன். அது வசனமே இல்ல. அன்னிக்கு மருமகனுக்கு ஜலதோஷம், குளத்துல இறங்க மாட்டேன்னுட்டார். சும்மா இருக்க வேணாமேன்னு மாமியாரை உட்கார வச்சு எடுத்தோம். அந்தம்மா என்ன பேசறதுன்னு கேட்டாங்க. எதையாவது பேசட்டும்னு அதை எழுதிக் கொடுத்தேன்.”

“சரி” என்றாள் ஒதீல்.

“படம் மட்டமான படம், மதாம். எனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். எங்க தொழில்ல யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. கட்டிப்பிடிச்சு ‘படத்துக்கு நன்றி’ம்பாங்க. ‘உனக்கு சந்தோஷமா இருக்கணுமே’ம்பாங்க. அப்படி எத்தனை பேர் நன்றி சொல்றாங்களோ அவ்வளவு மோசம்னு அர்த்தம். எனக்கு இருநூறு பேர் சொன்னாங்க.” சிரிக்க முயன்றான். “உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் மனசாரச் சிரிச்சவர். எழுதறதை விட்டுடலாம்னு இருந்தேன். அந்தப் பதிவைக் கேட்டுட்டுத்தான் திரும்ப உட்கார்ந்தேன்.”

ஒதீல் அவனுடைய கோப்பைப் பார்த்தாள். ‘மாமியாருக்கு மீண்டும் உரிமம் இல்லை’ என்று எழுதியிருந்தது.

அவனிடமும் அவள் சொல்லவில்லை.

*

படம் இரண்டே வாரத்தில் எல்லாத் தியேட்டர்களிலிருந்தும் போய்விட்டது. சிரிப்பு போகவில்லை.

குழுமம் அதைப் பதினொரு படங்களுக்கு இரவல் கொடுத்தது. வங்கிக் கொள்ளை பற்றிய படத்தில் எமிலியான் சிரித்தார். நாய் பேசும் படத்தில் இரண்டு இடங்களில் சிரித்தார். பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒதீல் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தபோது அவர் அதிலிருந்தும் சிரித்தார். அவள் பஞ்சைத் துப்பிவிட்டு வெளியே வந்து, எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று தெரியாமல் சற்று நேரம் நின்றாள்.

வசந்தத்தில் நகராட்சிகளும் கேட்டு வாங்கத் தொடங்கின. போமினியேவில் நகராட்சிக் கூட்டத்துக்கு ஆள் வருவது குறைந்திருந்தது. துணை மேயர் குடிநீர் ஆண்டறிக்கையைப் படித்தார். ஒதீல் தயாரித்த அறிக்கை அது. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“நைட்ரேட், லிட்டருக்குப் பதினெட்டு மில்லிகிராம்” என்று படித்துவிட்டுத் துணை மேயர் ஒரு பொத்தானை அழுத்தினார்.

சிரிப்பு வந்தது. உறுப்பினர்கள் சேர்ந்துகொண்டார்கள். முப்பத்தோராவது நொடி வரும்போது ஒதீல் காதைப் பொத்தினாள். பொத்தினாலும் அது எப்போது வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கூட்டம் முடிந்ததும் துணை மேயர் அவளிடம் வந்து கை குலுக்கினார். “அறிக்கைக்கு நன்றி, மதாம். உங்களுக்கு சந்தோஷமா இருக்கணுமே.”

ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, “தபால் செவ்வாய்க்கிழமைதான் வரும்” என்றார்கள். சொல்லிவிட்டு மூக்கால் சிரித்தார்கள். முன்பெல்லாம் அவரைப் பழித்துக் காட்டியது பேருந்தில் வந்த குழந்தைகள் மட்டும்தான். இப்போது ஊரே எமிலியானைப் போலச் சிரித்தது. ஒதீல் ரொட்டி வாங்குவதை விட்டுவிட்டாள். வெல்வெட் பெட்டியைப் போர்வையில் சுற்றி, கயிற்றால் கட்டி, அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

ரெமோந்த் மட்டும் ஒருநாள் அவளை நிறுத்திக் கேட்டாள். “என்னடி மெலிஞ்சு போயிட்ட? அவர் சிரிப்பைக் கேட்டா உனக்குத் தெம்பா இருக்கும்னுல்ல நினைச்சேன்.”

“அதை நிறுத்தினா சாப்பிடறேன்.”

“ஏன்னு சொல்லேன்டி. சொன்னா ஒயரைப் பிடுங்கிடறேன். சிவப்பு விளக்கு எரிஞ்சா எரியட்டும். நீ என்கிட்டயே சொல்ல மாட்டேங்கிற.”

“சொன்னா நீயும் கேட்ப” என்றாள் ஒதீல். “இப்ப உனக்குக் கேட்கல.”

*

இருநூற்று முப்பத்தோராம் நாள், செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பெலிக்கானில் விழா நடந்தது. குழுமம் ‘பிரான்ஸின் சிறந்த பார்வையாளர்’ என்ற பதக்கத்தை மறைந்த எமிலியான் பெர்த்தியேவுக்கு வழங்கியது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் எதுவும் இல்லை. ஒதீலை அதில் உட்கார வைத்தார்கள்.

அன்று வந்த அதே நூற்று முப்பது சொச்சம் பேர் வந்திருந்தார்கள். கொரான்தேன் முதல் வரிசையில் டை கட்டி உட்கார்ந்திருந்தான். மதாம் வெர்லாக்கின் பெட்டி ஓரத்தில் இருந்தது, ஏனென்றால் குழுமத்தின் விழாக்களும் அளக்கப்பட வேண்டும் என்று விதி.

லார்மினா பேசினார். “சிலர் எங்களைக் கேட்கிறாங்க, இத்தனை வருஷத்துல என்ன சாதிச்சீங்கன்னு. நான் சொல்றேன். முன்னால ஒரு படம் நல்லா இருந்தாத்தான் மக்கள் சிரிக்க முடியும். அது ஏழை நாட்டு வழக்கம். இன்னிக்கு எந்தப் படத்துக்கும், எந்த அறிக்கைக்கும், எந்தக் கூட்டத்துக்கும் மக்கள் சிரிக்கலாம். எழுத்தை நம்பி இருக்க வேண்டிய நிலைமையிலிருந்து இந்த நாட்டை விடுவிச்சிருக்கோம். அதுக்கு வழி காட்டினவர் ஒரு பஸ் டிரைவர்.”

கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது. முப்பத்தெட்டு நொடியும் நின்றபடியே கேட்டார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். சிரிப்பதா, அசையாமல் நிற்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் அசையாமல் நின்று சிரித்தார்கள்.

ஒதீலை மேடைக்கு அழைத்தார்கள். நாற்பது நொடி பேசலாம் என்று காதில் சொன்னார்கள். பதக்கம் குளிர்ந்திருந்தது. மைக் அவள் உயரத்துக்கு இல்லை. யாரோ வந்து தாழ்த்தினார்கள்.

எதிரே பித்தளைத் தகடு வைத்த நாற்காலி தெரிந்தது. பக்கத்தில் அவளுடைய நாற்காலியும் காலியாக இருந்தது. இங்கிருந்து பார்த்தால் இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று முதல் முறையாகத் தெரிந்தது.

“அது சிரிப்பு இல்லை” என்றாள் ஒதீல்.

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். சட்டென்று அரங்கம் முழுவதும் சிரித்தது. கொரான்தேன் முதலில் சிரித்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ரெமோந்த் கதவருகே நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மதாம் வெர்லாக் எதையோ குறித்துக்கொண்டார்.

ஒதீல் காத்திருந்தாள். பழக்கத்தால் எண்ணினாள். பதினேழு நொடி. கடைசி ஆள் அடங்கும்வரை எண்ணிவிட்டு மைக்குக்கு அருகில் வந்தாள்.

“சான்றிதழ்ல எட்டு அஞ்சுன்னு போட்டிருக்கு. தப்பு. ஆறு அம்பத்திரண்டு. அவருக்கு மூச்சு கிடைக்கல. முப்பத்தோராவது நொடியில ஒரு சத்தம் வருதே, அது என் பேரு. ஒதீல்னு கூப்பிடறார். நான் பக்கத்து சீட்லதான் இருந்தேன்.”

பச்சை விளக்கு அணைந்திருந்தது.

“நீங்க எல்லாரும் சிரிச்சீங்களேன்னு, நானும் சிரிச்சுட்டு இருந்தேன்.”